நாலு நாள் நின்னா பேட்டரி காலி: கரண்ட் எங்கே போகுது?

வேளச்சேரி_வாசி | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். 2017-ல் எடுத்த சின்ன பெட்ரோல் கார், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அம்மாவுக்கு புதனும் சனியும் டயாலிசிஸ். சனிக்கிழமை போய்ட்டு வந்து நிறுத்தினா, புதன் காலை 6 மணிக்கு வண்டி எடுக்கறதில்லை. 'டக்'னு ஒரு சத்தம், மீட்டர்ல இருக்கிற லைட் எல்லாம் மங்கி அணைஞ்சிடும். பக்கத்து வீட்டுக்காரர் காரிலிருந்து கேபிள் போட்டா உடனே எடுக்குது.

பழைய பேட்டரிக்கு வயசாயிடுச்சுன்னு எட்டு மாசத்துக்கு முன்னாடி புதுசு போட்டேன். 35 ஆம்பியர் அவர் (Ah) அளவு. ரெண்டே மாசத்துல இதுவும் அதே மாதிரி. கடையில சார்ஜ் போட்டு 'பேட்டரி நல்லா இருக்கு சார்'னு சொன்னாங்க. சர்வீஸ் சென்டர்ல 'ஓட்டாம வச்சிருக்கீங்க, அதான்'னு சொல்லி அனுப்பிட்டாங்க. இப்போ தினமும் ராத்திரி கீழே இறங்கி பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். அப்படியும் போன புதன் ஆட்டோ பிடிச்சுத்தான் அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். இன்னொரு பேட்டரி வாங்கிடலாமா? யாராவது வழி சொல்லுங்க.

மதுரை_ஒயரிங் | திங்கள், இரவு 10.15

தம்பி, பேட்டரி வாங்காதீங்க. நான் 22 வருஷமா கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். 'பேட்டரி டவுன்'னு வர்ற வண்டியில பாதிக்கு மேல பேட்டரி மேல தப்பு இருக்காது. கரண்ட் உள்ளே ஏறலை, இல்ல ஏறினது வெளியே ஓடுது, இல்ல பேட்டரியே பிடிச்சு வைக்கலை. மூணுல எதுன்னு தெரியாம காசு போடக்கூடாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. முந்நூறு நானூறு ரூபாய் மீட்டரே போதும், ஆனா 10 ஆம்பியர் வரைக்கும் அளக்கிற ஓட்டை இருக்கணும். நாளைக்கு இதைப் பாருங்க:

ராத்திரி முழுக்க நின்ன வண்டி, சாவி போடாம பேட்டரி ரெண்டு முனையிலயும் வோல்ட் எவ்வளவு. முழு சார்ஜ்னா 12.6 சுமார் இருக்கும். 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழேன்னா கிட்டத்தட்ட காலி. ஓட்டி முடிச்ச உடனே அளந்தா ஏமாத்தும், மேலாப்புல ஏறின சார்ஜ் 12.8, 12.9-னு கூட காட்டும். அதனாலதான் காலையில பார்க்கச் சொல்றேன்.

அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு வரைக்கும் இறங்குது. அப்புறம் இஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு எவ்வளவு.

தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்றதை நிறுத்திடுங்க. ஸ்லோ ஸ்பீடுல டைனமோ (இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கிற ஆல்டர்னேட்டர்) முழுசா குடுக்காது, செல்ஃப் எடுத்ததைத் திருப்பிப் போட்டுட்டு கொஞ்சம்தான் மிஞ்சும். பெட்ரோல்தான் வீண்.

நெல்லை_சாமி | செவ்வாய், காலை 7.05

இவ்வளவு எதுக்கு? இஞ்சின் ஓடிட்டு இருக்கும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்க. வண்டி நின்னுச்சுன்னா டைனமோ போச்சு, ஓடிச்சுன்னா பேட்டரி போச்சு. எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான் பார்க்கிறோம்.

பாரதி_கோவை | செவ்வாய், காலை 8.20

சாமி அண்ணா, தயவுசெஞ்சு இதை யாருக்கும் சொல்லாதீங்க. அப்பா காலத்து வண்டியில எலக்ட்ரானிக்ஸே இல்லை, அதனால தப்பிச்சாங்க. ஓடுற இஞ்சின்ல பேட்டரியைப் பிரிச்சா, டைனமோவுல இருந்து வர்ற வோல்ட்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாம போயிடும். அந்த நொடியில அது பல மடங்கு எகிறும். இஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், ஏர்பேக் யூனிட், மீட்டர், எது வேணும்னாலும் போகலாம். நான் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறவள். இந்த ஒரு சோதனையால செத்த போர்டுகளை மாணவர்களுக்குக் காட்டவே எடுத்து வச்சிருக்கேன்.

நெல்லை_சாமி | செவ்வாய், காலை 8.31

சரிம்மா. இது தெரியாது. இனிமே சொல்ல மாட்டேன்.

வேளச்சேரி_வாசி | செவ்வாய், மதியம் 1.10

மீட்டர் வாங்கிட்டேன். காலையில பார்த்தது:

நின்ன வண்டியில 12.11. செல்ஃப் அடிக்கும்போது 8.9. எடுத்துடுச்சு, ஆனா கஷ்டப்பட்டு. ஓடும்போது 14.1, ஏசியும் லைட்டும் போட்டா 13.8.

டெர்மினல் ரெண்டுலயும் பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயிருந்துச்சு. சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊத்தி, பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு, மேல வாஸ்லின் தடவிட்டேன்.

கரண்ட் கசிவையும் யூடியூப் பார்த்து அளந்தேன். நெகட்டிவைக் கழட்டி நடுவுல மீட்டரை வச்சேன். 0.00 காட்டுது. அப்போ கசிவே இல்லைன்னுதானே அர்த்தம்?

மதுரை_ஒயரிங் | செவ்வாய், மதியம் 2.00

14.1 நல்ல அளவு. 13.8-லிருந்து 14.5-க்குள்ள இருந்தா சார்ஜ் ஏறுதுன்னு வச்சுக்கலாம். (ஒரு சில புது மாடல் கார்ல கம்ப்யூட்டரே டைனமோவை ஏத்தி இறக்கும், அதுல 12.8 கூட காட்டும், பயப்பட வேண்டாம். உங்களுது அந்த ரகம் இல்லை.) 8.9 மோசம், ஆனா பாதிக்கும் கீழ சார்ஜ் இருக்கிற பேட்டரி அப்படித்தான் விழும். முழுசா சார்ஜ் போட்டு அடிச்சா 10-க்குக் கிட்ட நிக்கணும். அதுவரைக்கும் பேட்டரி மேல தீர்ப்பு வேண்டாம்.

பாரதி_கோவை | செவ்வாய், மதியம் 2.25

0.00-ஐ நம்பாதீங்க. கார்ல சுத்தமான பூஜ்யம் வரவே வராது. கடிகாரம், ரிமோட் சிக்னலுக்குக் காத்திருக்கிற லாக் யூனிட், கம்ப்யூட்டரோட நினைவு, எல்லாம் சேர்ந்து சுமார் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். 50 வரைக்கும் பரவாயில்லைங்கறது பொதுக் கணக்கு.

ஒரு கேள்வி. சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில போட்டீங்களா, மில்லி ஆம்பியர் ஓட்டையிலயா? இணைச்ச முதல் நொடியில வண்டியில இருக்கிற எல்லா யூனிட்டும் முழிச்சுக்கும், ரெண்டு மூணு ஆம்பியர் பாயும். மில்லி ஆம்பியர் பக்கத்து ஃபியூஸ் அந்த நொடியே போயிருக்கும். அதுக்கப்புறம் எதை அளந்தாலும் பூஜ்யம்தான்.

வேளச்சேரி_வாசி | செவ்வாய், மாலை 6.45

மேடம், அதேதான். மீட்டரைத் திறந்து பார்த்தேன், கண்ணாடி ஃபியூஸ் கருகியிருக்கு. நாளைக்கு டயாலிசிஸ் முடிஞ்சு வந்து சரியா அளக்கிறேன். எப்படின்னு ஒரு தடவை தெளிவா சொல்லுங்களேன்.

மதுரை_ஒயரிங் | செவ்வாய், இரவு 9.30

எல்லா லைட்டும் அணைச்சு, சாவியை எடுத்து வீட்டுக்குள்ள வச்சிடுங்க. ரிமோட் சாவி பக்கத்துல இருந்தா சில வண்டி தூங்காது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வச்சு, பூட்டு நாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால அழுத்தி, பூட்டின நிலையில வச்சிடுங்க. கதவு மூடியிருக்குன்னு வண்டி நினைச்சுக்கும், உங்களுக்கு உள்ளே இருக்கிற ஃபியூஸ் பாக்ஸ் கைக்கு எட்டும். பானெட்டுக்கு சுவிட்ச் இருந்தா அதுக்கும் இப்படியே.

சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில. 10-ம் நம்பர் ஸ்பானரால நெகட்டிவ் கிளாம்பை லூஸ் பண்ணுங்க, ஆனா தூக்காதீங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி கம்பத்துல, இன்னொரு முனை கிளாம்புல பிடிச்சுக்கிட்டு அப்புறம் தூக்குங்க. நடுவுல கரண்ட் அறுபடாது, யூனிட் எல்லாம் புதுசா முழிச்சுக்காது. அரை மணி நேரம் அப்படியே விடுங்க. முதல்ல காட்டுறது கணக்கே இல்லை, அடங்கினதுக்கு அப்புறம் நிக்கிறதுதான் கணக்கு.

மீட்டர் நடுவுல இருக்கும்போது சாவி போடக்கூடாது. செல்ஃப் அடிச்சீங்கன்னா நூறு ஆம்பியருக்கு மேல அந்த சின்ன ஒயர் வழியா போகப் பார்க்கும்.

யாழ்_ரொறன்ரோ | புதன், காலை 5.50

இங்க எங்கட பிரச்சினை வேற. குளிரில பற்றரிக்குள்ள இரசாயன வேலை மெதுவாகிப் போயிடும், அதே நேரம் எஞ்சின் எண்ணெய் தடிச்சு ஸ்டாட்டருக்கு இன்னும் கூடக் கரண்ட் வேணும். அதாலதான் பற்றரி மேல குளிரில எத்தனை ஆம்பியர் தரும் எண்டு ஒரு எண் போட்டிருப்பினம். சுழியத்துக்குக் கீழ 18 பாகையில, 30 செக்கன், 7.2 வோல்ட்டுக்குக் கீழ போகாமல் எவ்வளவு தரும் எண்டதுதான் அது. நாங்கள் முதல் அதைத்தான் பார்த்து வாங்குவம்.

எனக்கும் ஒருக்கா உங்களுக்கு நடந்த மாதிரியே நடந்தது. பின்கதவுப் பூட்டுக்குள்ள இருக்கிற சின்ன சுவிட்ச் பழுது. கதவு திறந்துதான் இருக்கு எண்டு கார் இரவு முழுக்க நினைச்சுக்கொண்டு இருந்திருக்கு. கைத்தொலைபேசியை வீடியோவில விட்டு டிக்கிக்குள்ள வச்சு மூடிப் பாருங்கோ. லைற் அணையுதோ இல்லையோ தெரியும். டாஷ்போர்ட் பெட்டிக்கும் அதே மாதிரி.

வேளச்சேரி_வாசி | புதன், மாலை 5.20

அண்ணா, வீடியோ வச்சுப் பார்த்தேன். டிக்கி லைட், டாஷ்போர்டு லைட் ரெண்டும் அணையுது.

பார்க்கிங்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீட்டரையே பார்த்துட்டு இருந்தேன். முதல்ல 3.4 ஆம்பியர். ரெண்டு மூணு நிமிஷத்துல எங்கேயோ 'கிளிக்'னு ஒரு ரிலே, 1.1-க்கு இறங்குச்சு. பத்தாவது நிமிஷம் இன்னொரு கிளிக், 0.62. அதுக்கப்புறம் அசையவே இல்லை. முக்கால் மணி நேரம் பார்த்துட்டேன், 0.62-தான்.

மதுரை_ஒயரிங் | புதன், இரவு 8.10

பிடிச்சாச்சு. 0.62-ஐ 24 மணி நேரத்தால பெருக்குங்க, ஒரு நாளைக்கு 15 ஆம்பியர் அவர் போகுது. உங்க பேட்டரியே 35. ரெண்டரை நாள்ல அடிமட்டம். 0.03-ன்னு இருந்தா ஒரு நாளைக்கு முக்கால் கூட இல்லை, மூணு வாரம் நின்னாலும் எடுக்கும். 'ஓட்டாம வச்சிருக்கீங்க'ன்னு சொன்னவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தா உங்களை எட்டு மாசம் அலைய விட்டிருக்க மாட்டாங்க.

இப்போ ஒவ்வொரு ஃபியூஸா உருவுங்க, மீட்டரைப் பாருங்க. எது உருவினா விழுதோ அந்த லைன்.

வேளச்சேரி_வாசி | வியாழன், இரவு 9.00

ஆடியோ ஃபியூஸை உருவினதும் 0.62-லிருந்து 0.43! மூணு வருஷத்துக்கு முன்னாடி வெளியில ஒரு கடையில தொடு திரை செட்டும் ரிவர்ஸ் கேமராவும் போட்டேன். செட்டை வெளியே இழுத்துப் பார்த்தா, எப்பவும் கரண்ட் வர்ற மஞ்சள் ஒயரும், சாவி போட்டா மட்டும் கரண்ட் வர வேண்டிய சிவப்பு ஒயரும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தியிருக்கு. திரை அணைஞ்சாலும் உள்ளே செட் தூங்கவே இல்லை போல. சிவப்பைப் பிரிச்சு சாவி லைன்ல கொடுத்துட்டேன். இப்போ செட் சாவியோட சேர்ந்து அணையுது. ரொம்ப ரொம்ப நன்றி. பிரச்சினை தீர்ந்துடுச்சு.

சேலம்_பயணி | வெள்ளி, காலை 10.30

இடையில ஒரு சந்தேகம். கண்ணாடியில ஒட்டின ஃபாஸ்டேக் பேட்டரியை இழுக்குமா? எங்க ஊர்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்.

பாரதி_கோவை | வெள்ளி, காலை 11.00

இழுக்காது. அதுக்கும் காருக்கும் ஒயரே கிடையாது. சுங்கச்சாவடி ரீடர் அனுப்புற அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்ற வெறும் ஸ்டிக்கர் அது. இழுக்கிறது எதுன்னா, நிறுத்தின பிறகும் பதிவு பண்ற மாதிரி நேரடி ஒயர் கொடுத்த டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, வெளியில போட்ட அலாரம்.

வேளச்சேரி_வாசி அவர்களுக்கு: தீர்ந்ததுன்னு எழுதியிருக்கீங்க, ஆனா 0.43 மிச்சம் இருக்கே? அதுவும் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் அவர். மூணரை நாள்தான் தாங்கும்.

வேளச்சேரி_வாசி | புதன், காலை 6.40

மேடம் சொன்னதுதான் நடந்துச்சு. இன்னைக்கும் எடுக்கலை. அம்மா வாசல்ல நாற்காலியில உட்கார்ந்துட்டு இருக்காங்க, நான் ஆட்டோவுக்கு நின்னுட்டு இருக்கேன். நேத்து ராத்திரியே உள்ளே இருக்கிற எல்லா ஃபியூஸும், பானெட்டுக்குள்ள இருக்கிற சின்ன ஃபியூஸும் உருவிப் பார்த்தேன். 0.41-க்குக் கீழ இறங்கவே இல்லை. எந்த லைனும் இல்லைன்னா கரண்ட் எங்கேதான் போகுது?

மதுரை_ஒயரிங் | புதன், காலை 7.15

முதல்ல அம்மாவைப் பார்த்துட்டு வாங்க தம்பி. வந்ததும் இதைப் படிங்க.

சின்ன ஃபியூஸ் வழியா போகாத லைன் ரெண்டு இருக்கு. ஒண்ணு செல்ஃப் மோட்டாருக்குப் போற தடி ஒயர். இன்னொண்ணு டைனமோவுல இருந்து வர்ற தடி ஒயர். அது போல்ட் போட்டு முடுக்கின பெரிய ஃபியூஸ் வழியா நேரா பேட்டரிக்கு வரும். ஃபியூஸ் உருவுறவங்க யாரும் அதைத் தொட மாட்டாங்க.

டைனமோவுக்குள்ள டையோடு பிளேட் ஒண்ணு இருக்கு. மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமா மாத்துறதும் அதுதான், வண்டி நிக்கும்போது பேட்டரி கரண்ட் திரும்பி உள்ளே போகாம தடுக்கிறதும் அதுதான். மேல் வரிசையில ஒண்ணு, கீழ் வரிசையில ஒண்ணு கசிய ஆரம்பிச்சா கதவு திறந்த மாதிரி. ஆனாலும் ஓடும்போது 14 வோல்ட் காட்டும். அதனாலதான் எல்லாரும் 'டைனமோ ஓகே'ன்னு சொல்லிடறாங்க.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, விடியற்காலை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டைனமோ பின்பக்கம் புறங்கையை வச்சுப் பாருங்க. இஞ்சின் குளிர்ந்து கிடக்கும், டைனமோ மட்டும் லேசா வெதுவெதுப்பா இருந்தா அங்கேதான். இன்னொரு கேள்வி: வண்டி எப்பவாவது தண்ணியில நின்னுச்சா?

வேளச்சேரி_வாசி | புதன், மதியம் 12.30

நின்னுச்சு அண்ணா. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ எங்க தெருவுல ரெண்டு நாள் தண்ணி. சீட்டுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் வந்துச்சு. இழுத்துட்டுப் போய் ஆயில் மாத்தி, உள்ளே காய வச்சுக் குடுத்தாங்க. டைனமோவைத் திறந்த மாதிரி பில்லுல ஒண்ணும் இல்லை.

பாரதி_கோவை | புதன், மதியம் 1.05

இன்னொரு சோதனை. மீட்டரை மாறு மின்சார வோல்ட்டுக்கு மாத்தி, ஹெட்லைட் போட்டு, இஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணி பேட்டரி முனையில பாருங்க. நல்ல டைனமோன்னா 0.1, 0.2 காட்டும். 0.5-க்கு மேலன்னா டையோடு சந்தேகம். சில மலிவு மீட்டர் நேர் மின்சாரத்தையே இரட்டிப்பாக்கி 28-னு தப்பா காட்டும். முனையை மாத்திப் பிடிச்சும் பாருங்க.

வேளச்சேரி_வாசி | வியாழன், காலை 6.10

இப்போதான் கீழே போய்ட்டு வந்தேன். இஞ்சின் சில்லுனு இருக்கு. டைனமோ பின்பக்கம் தூங்கி எழுந்தவங்க நெத்தி மாதிரி மெல்லிசா ஒரு சூடு. மூணு தடவை தொட்டுப் பார்த்தேன், அம்மாவையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். மாறு மின்சாரம் 0.9.

நெகட்டிவைக் கழட்டிட்டு, டைனமோ பின்னாடி தடி ஒயரைப் பிரிச்சு, சைக்கிள் டியூப் துண்டைச் சுத்தி வச்சேன். மறுபடி மீட்டரை இணைச்சா அரை மணி நேரத்துல 0.02.

மதுரை_ஒயரிங் | வியாழன், காலை 6.25

அதேதான். அந்த ஒயரை அப்படியே விட்டு வண்டியை ஓட்டாதீங்க. டைனமோவைக் கழட்டி, ரீவைண்டிங் பார்க்கிற கடைக்குக் கொண்டு போங்க. முழு டைனமோ மாத்தணும்னு சொன்னா கேட்காதீங்க, பிளேட் மட்டும் கிடைக்கும். பேரிங்கும் கார்பன் பிரஷ்ஷும் பார்க்கச் சொல்லுங்க, தண்ணி குடிச்சதுன்னா அதுவும் தேய்ஞ்சிருக்கும்.

வேளச்சேரி_வாசி | வெள்ளி, இரவு 8.50

கூடவே நின்னு பார்த்தேன். பின் மூடியைக் கழட்டினதும் பிளேட்டு மடிப்புக்குள்ள காய்ஞ்ச சேறு, ஒன்றரை வருஷம் ஆகியும் அப்படியே. ஓரத்துல அலுமினியம் வெள்ளையா உப்புப் பூத்துக் கிடந்துச்சு. கடைக்காரர் பல்பு வச்ச ஒயரால ஒவ்வொரு டையோடா தொட்டார். நல்லதுன்னா ஒரு பக்கம்தான் எரியணும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு பக்கமும் மங்கலா எரிஞ்சுச்சு. பிளேட், பேரிங், பிரஷ், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். இந்த எட்டு மாசத்துல பேட்டரிக்கும் ஆட்டோவுக்கும் போனது அதைவிட மூணு மடங்கு.

மாட்டினதுக்கு அப்புறம், வண்டி நிக்கும்போது போற கரண்ட் 0.02. மாறு மின்சாரம் 0.1. இந்தப் பேட்டரியைக் காப்பாத்த முடியுமா?

மதுரை_ஒயரிங் | வெள்ளி, இரவு 9.40

முயற்சி பண்ணலாம். காலியாவே கிடந்தா உள்ளே தகட்டுல சல்பேட் இறுகிப் போகும், பிடிக்கிற அளவு குறையும். மூணரை ஆம்பியர்ல, அதாவது பேட்டரி அளவுல பத்துல ஒரு பங்குல, மெதுவா சார்ஜ் ஏத்துங்க. அவசரப்பட்டு 15, 20 ஆம்பியர்ல போடுற கடைக்குக் குடுக்காதீங்க. மூடி கழட்டுற பேட்டரின்னா தண்ணி மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்க, ஆர்ஓ தண்ணி வேண்டாம். ஏறி முடிஞ்சதும் ஆறு அறையிலயும் ஹைட்ரோமீட்டர் (ஆசிடோட அடர்த்தியை அளக்கிற கருவி) விட்டுப் பாருங்க. ஆறும் ஒரே அளவா இருந்தா பிழைச்சுக்கும். ஒண்ணு மட்டும் 0.05 குறைஞ்சா அந்த அறை போச்சு.

சார்ஜ் ஏறும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல விளக்கோ பீடியோ வேண்டாம். வர்றது ஹைட்ரஜன். என் கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன் கிளிப்பை எடுக்கும்போது பொறி பட்டு பேட்டரி மூடி பறந்துச்சு. கண்ணு தப்பினது அவன் அதிர்ஷ்டம். சட்டை முழுக்க ஓட்டை. முதல்ல சார்ஜர் சுவிட்சை அணைச்சுட்டு, அப்புறம் கிளிப்.

நெல்லை_சாமி | சனி, காலை 7.30

நானும் என் வண்டியில அளந்து பார்த்தேன். 0.04. மனசுக்கு நிம்மதி. மதுரை அண்ணாவுக்கும் பாரதி அம்மாவுக்கும் நன்றி.

வேளச்சேரி_வாசி | பன்னிரண்டு நாள் கழிச்சு, வியாழன், காலை 7.20

சார்ஜ் ஏத்தினதுல ஆறு அறையும் 1.24-லிருந்து 1.25-க்குள்ள வந்துச்சு. அம்மாவுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியிலயே ஒன்பது நாள் வச்சிருந்தாங்க, நானும் அங்கேயேதான். வண்டி வீட்டுல அப்படியே நின்னுச்சு. இன்னைக்குக் காலையில சாவி போடறதுக்கு முன்னாடி அளந்தேன்: 12.44. செல்ஃப் அடிக்கும்போது 10.2.

ஒரே சுத்துல எடுத்துடுச்சு. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போய்ட்டு இருக்கேன்.